கடனுக்குச் சரக்கு அனுப்பும் முன் வாங்குபவரின் பேலன்ஸ் ஷீட்டைப் பாருங்கள்

திருப்பூர், ஈரோடு பக்கம் தொழில் செய்பவர்கள் பலருக்கும், சொத்து, கடன் நிலவரத்தைக் காட்டும் பேலன்ஸ் ஷீட் என்பது ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பேங்க் ஃபைலுக்குப் போகிற காகிதம். பேங்க் கடன் லிமிட்டைப் புதுப்பிக்கும்போது கையெழுத்துப் போடுவார்கள். அப்போதும் "லாபம் எவ்வளவு வருது சார், டேக்ஸ் எவ்வளவு கட்டணும்?" என்பதற்கு மேல் கேள்வி இருக்காது. தன் கணக்கையே பார்க்காதவர், தான் சரக்குக் கொடுக்கும் கம்பெனியின் கணக்கை எங்கே பார்க்கப்போகிறார்?

20 லட்ச ரூபாய்த் துணியை 90 நாள் தவணைக்கு அனுப்பினால், 20 லட்சத்தை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்திருக்கிறீர்கள். அதே தொகையைக் கேட்டு நீங்கள் பேங்குக்குப் போனால் மூன்று வருடக் கணக்கு, சொத்துப் பத்திரம், ஜாமீன் எல்லாம் கேட்பார்கள். நாமோ "பெரிய பார்ட்டி, புதுசா ஃபேக்டரி கட்டியிருக்கார்" என்று யாரோ சொன்னதை நம்பி லாரி ஏற்றிவிடுகிறோம்.

வாங்குபவர் பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் அவர்கள் கணக்கு ரகசியமே கிடையாது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால், அவர்கள் தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். பார்ட்னர்ஷிப், தனிநபர் நிறுவனங்களுக்கு இந்த வசதி இல்லை. நேராகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒன்றை மனதில் வையுங்கள். மார்ச் 31-இல் முடிகிற கணக்குக்கு செப்டம்பர் 30-க்குள் பங்குதாரர்களின் பொதுக்குழு, அதிலிருந்து 30 நாளில் தாக்கல். ஆகவே உங்கள் கைக்கு வருவது அநேகமாக ஏழு மாதப் பழைய நிலவரம். இரண்டு வருடமாகத் தாக்கலே செய்யவில்லையா? அப்படியானால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம், பதில் கிடைத்துவிட்டது.

கிடைத்தவுடன் எல்லோர் கண்ணும் லாபத்துக்குத்தான் போகும். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கணக்குப் புத்தகத்தில் பில் போட்ட அன்றே லாபம் வந்துவிடும். பணம் வந்ததா என்பது வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். விற்பனை ஒரே வருடத்தில் 20 கோடியிலிருந்து 26 கோடி. லாபம் 80 லட்சத்திலிருந்து 1.3 கோடி. பார்க்க ஜோராக இருக்கிறது. இப்போது பக்கத்தைத் திருப்புங்கள். வர வேண்டிய பாக்கி 4 கோடியிலிருந்து 8.5 கோடி. கொடுக்க வேண்டிய பாக்கி 3 கோடியிலிருந்து 6 கோடி. ஸ்டாக் 1 கோடி கூடியிருக்கிறது. பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள்: முதல் வருடம் 73 நாளில் வசூலானது, அடுத்த வருடம் 119 நாள் ஆகிறது. விற்பனை கூடியதா, கடன் கொடுத்துக் கூட்டினார்களா என்பது இங்கே தெரிந்துவிடும்.

வட்டி, வரி நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டு ரொக்கத்தைப் பார்ப்போம். லாபம் 1.3 கோடி, தேய்மானம் 40 லட்சம் (கணக்கில் மட்டும் கழித்தது, கையை விட்டுப் போகாத பணம்), சேர்த்தால் 1.7 கோடி. வசூலாகாமல் கூடுதலாக மாட்டிக்கொண்டது 4.5 கோடி, ஸ்டாக்கில் 1 கோடி. சப்ளையர்களுக்குக் கொடுக்காமல் தள்ளிப்போட்டது 3 கோடி. கூட்டிக் கழித்தால் மைனஸ் 80 லட்சம். லாபம் 1.3 கோடி என்று சொல்கிற கம்பெனிக்கு, தொழிலிலிருந்து கையில் ஒரு பைசா வரவில்லை. 80 லட்சம் பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பேங்க் கடன் நிரப்பியிருக்கும். அந்த 3 கோடியைக் கொடுத்தது யார் என்றால், உங்களைப் போன்ற சப்ளையர்கள். ரொக்கம் வந்ததையும் போனதையும் காட்டும் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மெண்டைச் சிறிய கம்பெனிகள் தராமல் இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதனால்தான் இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு வருட பேலன்ஸ் ஷீட்டும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேங்க் மேனேஜர்கள் பார்க்கிற கரண்ட் ரேஷியோ (நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுத்தது) இந்தக் கம்பெனியில் மோசமாகத் தெரியவே தெரியாது. 1.33 இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. வசூலாகாத பாக்கியும், போன வருட டிசைனில் தேங்கிப்போன துணியும் அந்த ரேஷியோவில் "நடப்புச் சொத்து" என்றே எண்ணப்படும். பாக்கி தேங்கத் தேங்க ரேஷியோ அழகாகக்கூட ஆகலாம்.

பேலன்ஸ் ஷீட்டின் முகப்பைவிட எனக்குப் பிடித்தது பின்னால் இருக்கும் நோட்ஸ். 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் தாங்கள் கொடுக்க வேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: ஒரு வருடத்துக்குள், 1–2 வருடம், 2–3 வருடம், 3 வருடத்துக்கு மேல். அதிலும் சிறு, குறு நிறுவனங்களுக்கான பாக்கி தனி வரிசை, தகராறில் உள்ளது தனி வரிசை. உங்களுக்கு முன்னால் சரக்குக் கொடுத்தவர்கள் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள் என்பதை இந்த அட்டவணை அப்படியே சொல்லிவிடும். அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் போனில் என்ன சொன்னாலும் சரி, நான் இந்த அட்டவணையைத்தான் நம்புவேன்.

அப்புறம் ஆடிட்டர் ரிப்போர்ட். முதல் பக்கத்தில் "உட்பட்டு", "தவிர" என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள் இருந்தால் நிதானமாகப் படியுங்கள். 5 கோடிக்கு மேல் பேங்க் லிமிட் வைத்திருக்கும் கம்பெனியில், பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்பதை ஆடிட்டர் எழுத வேண்டும் என்று 2020-இல் வந்த உத்தரவு சொல்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் அந்த உத்தரவு பொருந்தாது. பொருந்துகிற இடத்தில் முதலில் அந்தப் பத்தியைத் தேடுங்கள். டைரக்டரின் வேறு கம்பெனிகளுக்குப் போன கடன், அவற்றுக்காகக் கொடுத்த ஜாமீன், இவையும் நோட்ஸில்தான் ஒளிந்திருக்கும்.

ஆடிட் ஆன கணக்கு என்பதாலேயே எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆடிட்டரான நானே என் தொழிலைப் பற்றி இதைச் சொல்வது சங்கடம்தான். ஹைதராபாத்தின் சத்யம் சாஃப்ட்வேர் கம்பெனியில் 5,361 கோடி ரொக்கமும் பேங்க் இருப்பும் காட்டினார்கள். அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது என்று 2009 ஜனவரி 7-இல் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார். இருப்பு நிறைய இருந்தால் வட்டி வருமானம் அதற்கேற்ப இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் சத்யத்தில் 376 கோடி வட்டியும் சேர்த்தே பொய்யாக எழுதியிருந்தார்கள். திட்டமிட்டுச் செய்கிற மோசடியை வெளியில் இருந்து பிடிப்பது கஷ்டம். நல்லவேளையாக, நமக்கு வரும் நஷ்டங்களில் பெரும்பாலானவை அந்த வகை இல்லை. பணம் சுருங்கிக்கொண்டே வருவது தெரியாமல் ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுத்த வகைதான்.

இதே கணக்கை உங்கள் கம்பெனிக்கும் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது: அன்றாடச் செலவுக்காகப் பேங்க் தரும் சிசி லிமிட்டிலிருந்து பணத்தை எடுத்து மெஷின் வாங்கிவிடுவார்கள். மெஷின் ஐந்து வருடத்தில் திருப்பித் தரும் பணம், நூல் மில்லுக்குக் கொடுக்க அடுத்த மாதமே தேவைப்படும். பல வருடத் தவணையில் கட்டும் டேர்ம் லோன் கேட்டால் தாமதமாகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தாமதமானாலும் அதுதான் சரி.

சரி, அந்தக் கற்பனைக் கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்கலாமா? நான் ஆர்டரை மறுக்கச் சொல்ல மாட்டேன். பாதி அட்வான்ஸ், மீதி 30 நாள். மொத்தப் பாக்கி, வராமலே போனாலும் நீங்கள் தாங்கக்கூடிய தொகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த லாரி நிற்க வேண்டும். நீங்கள் உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற சிறு, குறு உற்பத்தியாளர் என்றால் அந்தப் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள், தவணையை எழுத்தில் வாங்குங்கள். சிறுதொழில்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டப்படி வாங்குபவர் பணம் தர, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.