ஏ.எல்.டி. சரியாக இருந்தால் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுன்களில் இனிப்புநீர் (நீரிழிவு) இல்லாத குடும்பம் அபூர்வம்; அது ஈரலிலும் தழும்பு போடக்கூடும். சம்சு சாராயம் குடித்து ஈரல் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். கிளினிக்கில் ரத்தம் கொடுத்து, ஏ.எல்.டி. அளவோடு இருந்தால் "ஈரல் நல்லாத்தான் இருக்கு" என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறோம். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை.

ஏ.எல்.டி. ஈரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். இப்போது அடி விழுகிறதா என்பதை அது காட்டும்; ஏற்கெனவே படிந்த தழும்பைக் காட்டாது. பால்மரத்தில் (ரப்பர்) கத்தி கட்டைவரை இறங்கிவிட்டால், வெட்டை நிறுத்திப் பல வருஷமானாலும் பட்டையில் முண்டு நிற்குமே, அப்படித்தான்.

தழும்பை அளக்க, தழும்பு உருவாகும்போது சிந்துவதைத் தேட வேண்டும். இதற்கு எலிகள் உதவின. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நஞ்சை வாரம் இரண்டு முறை செலுத்தினால் ஈரல் செல்கள் சாகும். அருகில் வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சும்மா கிடந்த நட்சத்திர செல்கள் விழித்து, தழும்பாகும் கொலாஜன் நாரைக் கொட்டத் தொடங்கும். சில வாரம் கழித்து ஈரலை மெல்லிய சீவலாக்கி சிரியஸ் ரெட் சாயம் ஏற்றினால், மங்கலான மஞ்சளுக்கு நடுவே சிவப்பு இழைகள் ஒரு ரத்தக்குழாயிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்டிருப்பது தெரியும். மனிதரிடம் ஊசியால் எடுக்கும் துணுக்கு ஈரலில் சுமார் 50,000-இல் ஒரு பங்குதான். எலியிடமோ முழு ஈரலையும் அதே எலியின் ரத்தத்தோடு ஒப்பிடலாம்.

அப்படி ஒப்பிடப்பட்ட ரத்தப் பொருள்களில் மூன்று முக்கியம். மூன்றாம் வகைக் கொலாஜன் நாராகப் படியும்போது அதன் முனை வெட்டுப்படும். அந்தத் துண்டு பி.III.என்.பி. ஹயலூரோனிக் அமிலம் இரண்டு காரணத்தால் ஏறும்: நட்சத்திர செல்கள் அதை அதிகம் சுரக்கின்றன, அதை அகற்ற வேண்டிய ரத்தநாளச் செல்களும் தளர்ந்துவிடுகின்றன. மூன்றாவது டிம்ப்-1, தழும்பைக் கரைக்கும் நொதிகளை இது கட்டிப்போடும். எலிக்கு நஞ்சை நிறுத்தியதும் ஈரலில் டிம்ப்-1 குறைந்து நார் கரைந்ததை 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தழும்பு ஒருவழிப் பாதை இல்லை என்பது எவ்வளவு பெரிய செய்தி!

குறையும் உண்டு. பி.III.என்.பி. வளரும் பிள்ளைகளிடமும் கூடும். ஹயலூரோனிக் அமிலம் மூட்டு வீக்கத்திலும் சாப்பாட்டுக்குப் பிறகும் ஏறும். அதனால் மூன்றையும் சேர்த்தே கணக்கிடும் இ.எல்.எஃப். சோதனை வந்தது.

அது கிடைக்காத இடத்தில் ஃபிப்-4 இருக்கிறது. வயது, ஏ.எஸ்.டி. (ஏ.எல்.டி. போன்ற இன்னொரு நொதி), ஏ.எல்.டி., பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) ஆகிய நான்கையும் வைத்துப் போடும் கணக்கு. 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு, 2.67-க்கு மேலே என்றால் அதிகம். 65 வயது தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2. இனிப்புநீர் உள்ளவர்கள் அடுத்த தடவை ரிப்போர்ட்டை வாங்கும்போது, "டாக்டர், ஃபிப்-4 எவ்வளவு?" என்று கேளுங்கள்.