தாதி அரசா, செவிலித்தாய் அரசா?

போன மாதம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் விவாதப் போட்டி ஒன்றுக்குப் போயிருந்தேன். அக்கா மகளும் கூட வந்திருந்தாள். மக்களின் அன்றாட வாழ்க்கையில் அரசாங்கம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பது தலைப்பு. எதிரணியில் கடைசியாகப் பேசிய பெண் கெட்டிக்காரி. சூயிங்கம், சாப்பாட்டுத் தட்டு, அபராதம் என்று மூச்சுவிடாமல் அடுக்கிவிட்டு, "ஆகவே, நடுவர் அவர்களே, சிங்கப்பூர் ஒரு தாதி அரசு!" என்று முடித்தாள். நல்ல கைதட்டல். அக்கா மகள் மட்டும் கைதட்டவில்லை. அவள் பன்னிரண்டு வருடமாக மருத்துவமனையில் தாதி. என் பக்கம் குனிந்து, "ஏன் மாமா, நாங்க என்ன செஞ்சோம்?" என்றாள்.

நியாயமான கேள்வி. இந்தத் 'தாதி அரசு' கருத்தரங்குகளிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு கல்யாண விருந்தில்கூடக் கேட்டுவிட்டேன்.

சொல்லின் கதை சிறியது. 'நேனி ஸ்டேட்' என்ற ஆங்கிலத் தொடரைத்தான் இப்படித் 'தாதி அரசு' என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்தத் தொடரைப் பரப்பியவர் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் இயன் மெக்லியோட். 1965-இல் ஸ்பெக்டேட்டர் வார இதழில் எழுதினார். நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று வந்த வரம்பின்மீது அவருக்கு எரிச்சல். (சிங்கப்பூர் தனி நாடானதும் அதே வருடம்தான். தற்செயல், வேறொன்றுமில்லை.) பணக்கார வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, அதட்டி வளர்க்கிற சம்பளக்காரிதான் நேனி. வளர்ந்த மனிதனை அரசு இப்படி நடத்துகிறதே என்பதுதான் கிண்டல்.

இப்போது தாதிக்கு வருவோம். வடமொழி 'தாத்ரி' வழியாக வந்த சொல் இது. பால் கொடுத்து வளர்ப்பவள் என்று பொருள். பழைய நூல்களில் பணிப்பெண் என்ற பொருளிலும் வரும். என் நண்பர் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். "அகராதியைப் பாருங்க சார், வளர்ப்புத்தாய்னுதான் போட்டிருக்கு." போட்டிருக்கட்டும். சிங்கப்பூரில் எந்தப் பிள்ளையையாவது நிறுத்தி, தாதி என்றால் யார் என்று கேளுங்கள். ஊசி போடுகிறவர், இரத்த அழுத்தம் பார்க்கிறவர் என்றுதான் சொல்லும். ஒரு சொல் ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் அதன் பழைய ஜாதகத்தைக் காட்டி அதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

வேலையே வேறு என்பதையும் கவனியுங்கள். தாதியிடம் போகிறவன் நோயாளி. அவனுக்கு உண்மையிலேயே உதவி தேவை. குணமானதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நேனியிடம் இருக்கிற பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லை. அவன் வளர்ந்துவிட்டான் என்பதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 'தாதி அரசு' என்று சொன்னதுமே நாடு சீக்காளி ஆகிவிடுகிறது. அப்புறம் அரசு பக்கத்தில் நிற்பது கருணையாகிவிடும். அந்தப் பெண் திட்டுவதாக நினைத்துக்கொண்டு பாராட்டிவிட்டுப் போனாள்.

இதைவிட மோசமான மொழிபெயர்ப்பு 'நல அரசு'. சிலர் நேனி ஸ்டேட்டையும் மக்கள்நல அரசையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். மக்கள்நல அரசு என்பது வேலை போனால் உதவித்தொகை, முதுமையில் ஓய்வூதியம் என்று வரிப்பணத்திலிருந்து தருகிற அரசு. சிங்கப்பூர் அரசாங்கம் அந்த வழி வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறது. ஆனால் அதே சிங்கப்பூரைத்தான் உலகம் நேனி ஸ்டேட் என்று கேலி செய்கிறது. முரண்பாடு மாதிரித் தெரியும், இல்லை. 1955-இல் தொடங்கிய மத்திய சேமநிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் உங்கள் சம்பளத்திலிருந்து போவது, முதலாளியும் போடுகிறார், உங்கள் பெயரில்தான் சேர்கிறது. எப்போது எடுக்கலாம், எதற்கு எடுக்கலாம் என்பதை மட்டும் அரசாங்கம் சொல்லும். கொடுக்கிற கை நலம், பிடித்துவைக்கிற கை நேனி. 1992-இல் சூயிங்கம் விற்பனையைத் தடை செய்ததில் யாருக்கு என்ன உதவித்தொகை? எழுபதுகளில் நீள முடி வைத்த ஆண்களை அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்களே, அது எந்த நலத்திட்டம்? 'நல அரசு' என்று மொழிபெயர்த்தவர் இரண்டு பக்க வாதத்தையும் ஒரே சொல்லில் கொன்றுவிட்டார்.

'ஆயா அரசு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். தொனி சரிதான், கிண்டல் இருக்கிறது. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து வெள்ளைக்காரர் வீடுகளில் புழங்கிய சொல் என்பதற்காக மட்டும் நான் இதைத் தள்ளவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் ஆயா என்றால் பாட்டி. எனக்குத் தெரிந்த ஆயாக்கள் எவரும் பேரப்பிள்ளைக்கு எதையும் மறுத்ததில்லை. ஆயா அரசு வந்தால் கேட்டதெல்லாம் கிடைக்கும்!

என் ஓட்டு 'செவிலித்தாய் அரசு'க்கு. சங்க அகப்பாடல்களில் தலைவிக்கு இரண்டு தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. பெண் பருவம் அடைந்து காதலிலும் விழுந்துவிட்ட பிறகு, அவளை வீட்டை விட்டு வெளியே விடாமல் வைப்பதற்கு இற்செறிப்பு என்று பெயர். அந்தக் காவலில் முன்னால் நிற்பவள் செவிலி. அன்புக்குக் குறைவில்லை, ஆனால் நீ இன்னும் சிறுபிள்ளை என்கிற அன்பு. நேனியின் உள்ளர்த்தம் இதற்குமேல் எங்கே கிடைக்கும்? கலித்தொகையில் ஒரு பாட்டு. பெண் காதலனோடு போய்விடுகிறாள். பாலை வழியில் தேடிக்கொண்டு ஓடுகிற செவிலியிடம் எதிரே வரும் அந்தணர்கள் சொல்கிறார்கள்: சந்தனம் மலையிலே பிறந்தாலும் பூசிக்கொள்பவர்களுக்குத்தானே பயன், மலைக்கு அது என்ன செய்யும்? தனிமனித சுதந்திரம் பற்றி நம்மிடம் இருக்கிற பழைய வாதங்களில் இது ஒன்று என்பேன்.

தமிழ்நாட்டில் செவிலியர் என்றால் மருத்துவமனைக்காரர்கள்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். அங்கே அந்தச் சொல் செலவாகிவிட்டது. நமக்கோ அந்த வேலையைத் தாதி பார்த்துக்கொள்வதால் செவிலித்தாய் சும்மாதான் இருக்கிறாள்.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் மனம் ஆறாது. அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடுகிறார்கள். அரசு தகப்பன் மாதிரி நடப்பதைத் 'தந்தைவழி ஆட்சி' என்று எழுதுகிறார்கள். தந்தைவழி என்றால் பெரியப்பா, சித்தப்பா, சொத்துப் பாகம். லாவ் பா சாட் என்ற உணவங்காடிக்கான பலகையில், 'சாட்'டை ஆங்கிலச் சுருக்கம் என்று நினைத்துச் சனிக்கிழமையாக்கிய ஊர் இது, எதற்கும் ஆச்சரியப்பட முடியாது.

போட்டி முடிந்து தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டோம். இதையெல்லாம் அக்கா மகளிடம் விளக்கிக்கொண்டே எழுந்து நடந்தேன்.

"மாமா, தட்டு."

2021 செப்டம்பரிலிருந்து தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் சட்டப்படி நடவடிக்கை உண்டு. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு, "சரிம்மா, செவிலித்தாயே" என்றேன்.

"தாதின்னே கூப்பிடுங்க மாமா. அதுக்காவது சம்பளம் வருது."