ஏரியில் விட்ட டேங்க் கிளீனர் ஏன் சாவதில்லை?

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது: "டேங்க் கிளீனர் (தொட்டிப் பாசியைத் தின்னும் சக்கர் மீன்) ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது, ஏரியில் விட்டுவிடலாமா?"

கூடாது. விரல் நீளத்தில் வாங்கும் இந்த சக்கர் மீனின் பூர்வீகம் தென் அமெரிக்க ஆறுகள். ஒன்றரை அடி வரை வளரும். தொட்டி போதாமல் போனவர்கள் கொண்டுபோய் விட்டதும், வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பியதுமாகத் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் எங்கும் பரவிவிட்டது. கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம் என்பவர்களும் உண்டு. அந்தக் குளத்துக் கெண்டைக்கு அது பாவம்.

30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். சாக்கடை கலந்த குளத்தில் பாக்டீரியா அதையும் தீர்த்துவிட, விடியற்காலையில் 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். மற்ற மீன்கள் செத்து மிதக்கும். ஆனால் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. சக்கர் மீன் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி இரைப்பைக்குள் தள்ளுகிறது. அந்த இரைப்பையின் சுவர் மிக மெல்லியது, ரத்தத் தந்துகிகள் நெருக்கமாக ஓடுவது. ஆக்சிஜன் அங்கேயே ரத்தத்தில் ஏறிவிடும். கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் செவுள் வழியாகத் தண்ணீருக்குப் போகும். நம் விராலும் காற்றைச் சுவாசிப்பதுதான், ஆனால் அதற்குச் செவுளுக்கு மேலே தனி அறை உண்டு. இதுவோ இரைப்பையையே நுரையீரலாக்கிக்கொண்டது. அப்படியானால் செரிமானம்? சுருள் சுருளாகக் கிடக்கும் நீண்ட குடல் பார்த்துக்கொள்கிறது.

ஆண் மீன் கரையைக் குடைந்து வளை தோண்டும். பெண் இட்ட முட்டைகளை உள்ளே காவல் காக்கும். வளைகள் பெருகினால் கரை சரியும். உடம்பெல்லாம் எலும்புத் தகடு. விறைத்து நிற்கும் துடுப்பு முட்கள் வலையில் மாட்டினால் வலையை அறுத்துத்தான் எடுக்கவேண்டும். கரீபியக் கடல் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் இதை விழுங்கிய கூழைக்கடாக்கள் தொண்டையில் சிக்கிச் செத்திருக்கின்றன.

வேண்டாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால், தரையில் போட்டுச் சாகட்டும் என்று விடாதீர்கள். ஈரம் இருந்தால் பல மணி நேரம் தவிக்கும். மயக்கி, தவிக்கவிடாமல் கொல்வதற்குக் கிராம்பு எண்ணெய் உதவும்: 10 லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு 4 முதல் 5 மில்லிலிட்டர் எடுத்து, முதலில் ஒரு பாட்டில் வெதுவெதுப்பான நீரில் பால்போல் வெளுக்கும்வரை குலுக்கி, மீன் இருக்கும் அந்தத் தண்ணீரில் ஊற்றவேண்டும். குலுக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், மீனுக்கு ஏறாது. செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் விட்டுவைத்து, பின் புதையுங்கள். சாதாரணமாகத் தொட்டியைக் கழுவும் தண்ணீரையும் மழைநீர்க் கால்வாயில் கொட்டாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். செடித் துண்டும் நத்தை முட்டையும் அதில்தான் போகும்.