ரேக் ஜாயின்ட்: பழைய டிரக்கின் ஸ்டியரிங்கில் இருக்கும் துணிவட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

பழைய அமெரிக்க பிக்கப் டிரக்குகளைப் பற்றித் தேடிப் படிக்கிற யாரும் சீக்கிரமே 'ரேக் ஜாயின்ட்' என்ற சொல்லில் போய் முட்டுவார்கள். ஸ்டியரிங் ஆடுகிறது, சக்கரம் திரும்புவதற்கு முன்னால் கையில் ஒரு வெற்றுச் சுற்று வருகிறது என்று யாராவது கேட்டால், முதலில் வரும் பதில் 'ரேக் ஜாயின்ட்டைப் பார்' என்பதுதான். இதைத் தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது. பினியன் என்ற சிறு பற்சக்கரத்தோடு சேர்ந்து வரும் பல்சட்டமும் ரேக், இந்தக் கந்தல்துணி ரேக்கும் ரேக், நம் எழுத்தில் இரண்டும் ஒன்றேபோல நிற்கும். 1973 முதல் 1986 வரை வந்த செவ்ரலே சி10 வண்டியில் பல்சட்ட ஸ்டியரிங்கே கிடையாது, குண்டுகள் உருளும் ஸ்டியரிங் கியர்பாக்ஸ்தான். படிக்கிறவர் இல்லாத உருப்படியை வண்டிக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பார். அதனால் இதற்குத் தமிழ்ப் பெயர் ஒன்று அவசியம் வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஸ்டியரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டும் கியர்பாக்ஸின் தலையும் சேருமிடத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டு இருக்கும். ரப்பர் ஊட்டிய துணியைப் பல அடுக்காக வைத்து அழுத்திச் செய்தது. அதில் நான்கு துளை. எதிரெதிரே உள்ள இரண்டு துளை மேல் தண்டின் தகட்டுக்கு, மற்ற இரண்டு கீழே கியர்பாக்ஸைப் பிடிக்கும் தகட்டுக்கு. ஆக இரும்பும் இரும்பும் நேராகத் தொடுவதில்லை, நடுவில் துணிதான் நின்று சுழற்சியைக் கடத்துகிறது. கேபின் ரப்பர் மெத்தைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது, கியர்பாக்ஸோ சேசிஸில் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் இரண்டும் ஒரேமாதிரி அசையாது. அந்த வேறுபாட்டை இந்த வட்டு வளைந்து வாங்கிக்கொள்கிறது, சாலை அதிர்வையும் கைவரை ஏறவிடாமல் குறைக்கிறது.

இனிச் சொல்லின் கதை. 'ரேக்' என்பது பழைய நார்ஸ் மொழியில் சடைமயிரைக் குறித்த சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, கிழிந்த துணித்துண்டு என்ற பொருளில் நிலைத்தது. 'ஜாயின்ட்' லத்தீனின் 'யுங்கெரே' வழி வந்தது, சேர்த்துக் கட்டுதல் என்று பொருள். நுகத்தடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், வடமொழி 'யோக'மும் இதற்கு உறவு. கடைகளில் இதையே 'கப்ளிங்' என்றும் கேட்பார்கள். அதற்கு மூலம் லத்தீனின் 'கோபுலா', அதாவது கட்டு, பிணைப்பு. இதே வகைத் துணிவட்டை, பெரும்பாலும் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் வருவதை, ஜெர்மானியர்கள் 'ஹார்டி' வட்டு என்கிறார்கள், இத்தாலியில் பொறியாளர் அந்தோனியோ போஸ்கியின் பெயரைச் சேர்த்து 'ஜியூபோ' ஆக்கிவிட்டார்கள். அங்கே ஆள் பெயர், அமெரிக்காவில் எதனால் செய்தது என்ற பெயர்.

அதை அப்படியே 'கந்தை மூட்டு' என்று பெயர்த்தால் கெட்டுப்போன மூட்டு என்றுதான் தமிழில் காதில் விழும். புதிதாக வாங்கிய பொருளைக் கந்தை என்று எப்படிச் சொல்வது? நான் போக விரும்புவது 'பிணை' என்ற வேருக்கு. களத்தில் போரடிக்க மாடுகளை ஒன்றாகக் கட்டுவது பிணையல். கட்டப்பட்டவை சேர்ந்தே சுற்றும், ஆனால் தனித்தனியே கொஞ்சம் அசைய இடமும் இருக்கும். ஈழத்தில் கதவுக் கீலைப் 'பிணைச்சல்' என்பார்கள், அகராதியிலும் அந்தப் பொருள் உண்டு. கப்ளிங் செய்யும் வேலையும் இதுவேதான். ஆகவே வளைந்துகொடுக்கும் கப்ளிங் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'நெகிழ்பிணைச்சல்', அதில் இந்தத் துணிவட்டு வகைக்குத் 'துணிப்பிணைச்சல்' என்பது என் தேர்வு. 'இணைப்பி' என்றும் சிலர் எழுதுகிறார்கள், தவறில்லை, ஆனால் ஒயர் முனையில் மாட்டும் கனெக்டருக்கும் அதே சொல் ஓடுவதால் இங்கே தெளிவு போதாது. லாரிப் பட்டறையில் 'கிராஸ்' என்று சொல்லும் யுனிவர்சல் ஜாயின்ட் இதிலிருந்து வேறு. அதை 'உலகளாவிய மூட்டு' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும், உலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எந்தப் பக்கமும் மடங்கும் என்பதுதான் அங்கே பொருள்.

சரி, துணிப்பிணைச்சல் தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் சின்னதாக ஆட்ட, இன்னொருவர் பானெட்டுக்குள் அந்த வட்டையே பார்க்க வேண்டும். மேல்தகடு அசைந்து, வட்டு முறுக்கிக்கொண்டு, அப்புறம்தான் கீழ்த்தகடு அசைகிறது என்றால் ஆட்டம் அங்கேதான். துளையைச் சுற்றித் துணி நூல்நூலாகப் பிரிந்திருக்கும், பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகிய வண்டியில் ரப்பர் ஊறி மெத்தென்று இருக்கும். பக்கத்தில் எக்ஸாஸ்ட் இருந்தால் சூட்டில் வெடித்தும் போகும். வட்டு கிழிந்தாலும் ஸ்டியரிங் மொத்தமாகக் கைவிட்டுப் போகாதபடி தகடுகளில் தடுப்பு ஊசிகள் வைத்திருப்பார்கள், அதை நம்பி ஓட்டிக்கொண்டே இருப்பது ஆபத்து.

மாற்றும்போது முன்சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங் சுழலாதபடி கட்டி, தண்டிலும் தகட்டிலும் ஒரே கோடாகப் பெயின்ட் குறி போட்டுவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். கீழ்த்தகட்டை இறுக்கும் போல்ட் கியர்பாக்ஸ் தண்டில் வெட்டிய பள்ளத்தின் வழியாகப் போகிறது, ஆகவே தளர்த்தினால் போதாது, முழுக்க உருவ வேண்டும். இதை அறியாமல் சுத்தியலால் தட்டினால் உள்ளே கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும். சில வண்டிகளில் கியர்பாக்ஸையே சேசிஸிலிருந்து தளர்த்திச் சற்று முன்னே நகர்த்தினால்தான் பழையது வெளியே வரும். வட்டு மட்டும் வாங்கினால் பழைய ரிவெட்டை அரைத்து எடுத்து, கூடவே வரும் கடின போல்ட்டைத்தான் போட வேண்டும், கையில் கிடைத்த சாதா போல்ட்டை ஒருபோதும் போடாதீர்கள். 'துணி எதற்கு, கிராஸே போட்டுவிடு' என்பவர்களும் உண்டு. ஆட்டம் குறையும், உண்மைதான், ஆனால் அதிர்வு கைக்கு வரும். சாலையில் தினமும் ஓடும் வண்டிக்குத் துணியே நல்லது என்பேன்.

வாங்கும் முன் கியர்பாக்ஸ் தண்டின் விட்டத்தை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் 3/4 அங்குலமும் உண்டு, 13/16 அங்குலமும் உண்டு, வித்தியாசம் 1/16 அங்குலம்தான், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தண்டில் வெட்டியிருக்கும் பற்களின் எண்ணிக்கையும் மாறும், அதையும் எண்ணி எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.