பைசல்

மன்னார்குடிப் பக்கம் இரண்டு பேர் சேர்ந்து நடத்திய அரிசி மில்லை மூடினால், "கூட்டாண்மை கலைக்கப்பட்டது" என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. "ரெண்டு பேருக்கும் பைசல் ஆயிடுச்சு" என்பார்கள். சண்டை ஓயவில்லை என்றால் "இன்னும் பைசலாகல."

காதுக்குப் பைசாவின் உறவு போலத் தோன்றும். உறவே கிடையாது. அரபியில் இது ஃபைஸல். வேரின் பொருள் பிரித்தல். வழக்கைப் பிரித்துச் சொல்லும் முடிவு, தீர்ப்பு என்பதெல்லாம் அதிலிருந்து வந்தவை. பாரசீகம், உருது வழியே கச்சேரிச் சொல்லாக (பாட்டுக் கச்சேரி அல்ல, அந்தக்கால அரசு அலுவலகமும் நீதிமன்றமும்) இங்கு வந்து, பாக்கியைக் கொடுத்து ஒழித்தல் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. அதே வேரில் பிறந்த ஃபஸ்ல் என்பது ஆண்டைப் பிரிக்கும் பருவம், அறுவடைக் காலம். அதிலிருந்து வந்ததுதான் நம் ஊர் அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், போடும் பசலி என்ற வருவாய் ஆண்டு. 2024 ஜூலை 1 அன்று தொடங்கியது 1434ஆம் பசலி. ஆக, விவசாயியின் பசலியும் மில்காரரின் பைசலும் ஒருதாய்ப் பிள்ளைகள்.

தமிழில் இதற்கு என்ன சொல்? பாடப்புத்தகம் தரும் 'கூட்டாண்மைக் கலைப்பு' எனக்குப் போதவில்லை. கூட்டம் கலைந்தால் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். கூட்டுவியாபாரம் கலைந்தால் கணக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கும். பைசல் குறிப்பது அந்தக் கணக்கு முடிப்பதைத்தான். அதற்குத் 'தீர்' என்ற நம் வினையே கச்சிதம். தீர்தலும் தீர்த்தலும் விடுதல் என்னும் பொருளன என்கிறது தொல்காப்பிய உரியியல். பிரிவு, முடிவு, தீர்ப்பு மூன்றும் அரபுச் சொல்லில் இருப்பதுபோலவே இதிலும் இருக்கின்றன. நிலவரியைத் தீர்வை என்கிறோம், ஆண்டுதோறும் கிராம வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்திக்கு அரசு வைத்த பெயரும் வருவாய்த் தீர்வாயம். எனவே 'கணக்குத் தீர்வு' என்று எழுதினால் டெல்டாக்காரருக்கு அகராதி வேண்டாம். (கூட்டாளி என்பதற்குப் பங்காளி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இங்கே பங்காளி என்றால் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். அந்த வழக்கு வேறு!)

சரி, தீர்ப்பது எப்படி? 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு வரிசை போட்டுத் தருகிறது. கூட்டாளிகள் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் அதன்படி. இல்லையென்றால் முதலில் வெளியாருக்குத் தர வேண்டிய கடன். பிறகு கூட்டாளி யாராவது தான் போட்ட முதலுக்கு (மூலதனத்துக்கு) மேல் கடனாகக் கொடுத்த பணம். அப்புறம்தான் அவரவர் போட்ட முதல். அதற்கும் மேல் மிஞ்சினால் லாப விகிதப்படி பங்கு.

தகராறு வருவது மிஞ்சாதபோது. ஒருவர் 6 லட்சம் முதல் போட்டார், மற்றவர் 4 லட்சம், லாபம் சரிபாதி. நெல் வியாபாரிக்கு 3 லட்சம் பாக்கி. முதலாமவர் கைமாத்தாக மில்லுக்கு 1 லட்சம் கொடுத்திருக்கிறார். ஆக, இவை நான்கையும் கூட்டினால் கணக்குப்படி சொத்து 14 லட்சம். மிஷின், சாக்கு, இருப்பு அரிசி எல்லாம் விற்றதில் கைக்கு வந்தது 11 லட்சம்தான். வியாபாரிக்கு 3, கைமாத்துக்கு 1 போக மிச்சம் 7.

டீக்கடைப் பஞ்சாயத்து என்றால் ஆளுக்கு மூன்றரை என்று முடித்துவிடும். சற்று விவரமானவர் முதல் விகிதத்தில் 4.2, 2.8 என்பார். இரண்டும் தப்பு. நஷ்டமான 3 லட்சத்தை லாப விகிதப்படி, அதாவது ஆளுக்கு ஒன்றரை லட்சம் என்று அவரவர் போட்ட முதலிலிருந்து கழிக்க வேண்டும். முதலாமவருக்கு 4.5 லட்சம், மற்றவருக்கு 2.5 லட்சம். லாபத்தில் பாதி வாங்கியவர் நஷ்டத்திலும் பாதி ஏற்க வேண்டும் என்பதை 4 லட்சக்காரர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். ஊரில் 'பைசலாகல' என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

பணம் பிரித்து, கையெழுத்து வாங்கிய பிறகும் ஒரு வேலை உண்டு. பொது அறிவிப்பு கொடுக்கும்வரை, பழைய கூட்டாளி மில்லின் பெயரில் செய்யும் காரியத்துக்கு மற்றவரும் வெளியாருக்குப் பொறுப்பு (45ஆம் பிரிவு). பதிவு செய்த கூட்டுநிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் ஓடும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் போட வேண்டும். அந்த அறிவிப்பில் 'பைசல்' என்ற சொல்லைத் தேடாதீர்கள். அங்கே 'கலைக்கப்பட்டது' என்றுதான் இருக்கும்.