கொலம்போ பிடித்த கொலையாளிகள் வவுனியாவில் விடுதலையாவார்கள்

பழைய துப்பறியும் தொடர்களில் வரும் கொலையாளிகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. கதை முழுக்க அபாரமான மூளையோடு நடந்துகொள்வார்கள். ரயில் நேரத்தையும் கடிகார முள்ளையும் கணக்குப் பார்த்துத் திட்டம் போடுவார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் வாயைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். ஏன் கொன்றேன், எப்படிக் கொன்றேன், கத்தியை எங்கே போட்டேன் என்பதெல்லாம் கேட்காமலே வந்து விழும். "என் சட்டத்தரணி வரும்வரை பேசமாட்டேன்" என்று ஒருவராவது சொல்லியிருந்தால் பாதித் தொடர்கள் முதல் மாதத்திலேயே நின்றுபோயிருக்கும்.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குற்றவியல் வழக்குகளில் தோன்றுகிற சட்டத்தரணி என்ற முறையில் இதை எழுதுகிறேன். இந்தத் தொடர்களை நான் வெறுப்பவன் அல்லன். 1985இல் தூரதர்ஷனில் கரட் கடித்தபடி கரம்சந்த் துப்பறிந்தபோது, வடபகுதிக் கூரைகளில் உயர்ந்து நின்ற அன்டனாக்கள் அதையும் பிடித்து இறக்கின. வன்னிக்குள் பல ஊர்களுக்கு இவையெல்லாம் பிந்தித்தான் வந்தன. போர்க்காலத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத்தான் படம் பார்க்க முடிந்தது. இப்போது கைத்தொலைபேசியில் எல்லாம் கிடைக்கின்றன. தொடர் பார்ப்பதில் தவறில்லை. அதில் கற்ற பாடத்தோடு பொலிஸ் நிலையத்துக்குப் போவதில்தான் வில்லங்கம் இருக்கிறது. "அவனை நான்கு கேள்வி கேட்டால் உளறிவிடுவான், நீங்கள் கேளுங்கள்" என்று என்னிடம் வருகிறவர்கள் பலர். இன்னும் சிலர், தாங்களே கேட்டு, தாங்களே உளறிவிட்டு வருகிறார்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்றும் எங்கள் நீதிமன்றங்களை ஆள்கிறது. அதன் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரி ஒருவரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. 26ஆம் பிரிவு, பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், அது நீதவானின் நேரடி முன்னிலையில் நடந்தாலன்றிச் செல்லாது என்கிறது. காலனி ஆட்சியில் சட்டம் எழுதியவர்களுக்கே தங்கள் பொலிஸாரைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. 27ஆம் பிரிவு மட்டும் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: எதிரி சொன்ன தகவலின் விளைவாக ஒரு பொருளோ உண்மையோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புடைய அளவுக்கு அவர் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம். கத்தியைப் புதைத்த இடத்தைச் சொன்னார், தோண்டினார்கள், கத்தி கிடைத்தது என்பது போல.

இனி 'கொலம்போ' தொடரின் பொலிஸ் துப்பறிவாளர் லெப்டினன்ட் கொலம்போவுக்கு வருவோம். பீட்டர் ஃபோக் நடித்து 1971 முதல் 1978 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஓடிய தொடர் அது. கசங்கிய மழைக்கோட்டு, கதவுவரை போய்த் திரும்பி வந்து கேட்கும் கடைசிக் கேள்வி. கொலையாளி யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். எப்படிப் பிடிபடுவான் என்பதுதான் கதை. 1974இல் வந்த ஒரு கதையில் கொலையாளி புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். மனைவியைக் கொன்றுவிட்டுக் கடத்தல் நாடகம் ஆடுகிறார். கடத்தல்காரன் அனுப்பியதாகச் சொன்ன புகைப்படத்தைக் கொலம்போ இடம்வலம் மாறிப் பெரிதாக்கி வைத்து, அசல் படம் தன் கவனக்குறைவால் அழிந்துவிட்டது என்று சொல்லி அவரை மடக்குகிறார். படத்தில் உள்ள கடிகாரம் இப்போது அவர் சொன்ன கதைக்கு ஒவ்வாத, தவறான நேரம் காட்டுகிறது. பதறிய புகைப்படக்காரர், அசலின் நெகட்டிவ் இன்னும் கமராவுக்குள் இருக்கும் என்று கூவி, பொலிஸ் தட்டில் வரிசையாக இருக்கும் கமராக்களில் சரியான ஒன்றைத் தூக்கிவிடுகிறார். எந்தக் கமரா என்பது கொலையாளிக்கு மட்டும்தானே தெரியும்? மாட்டிக்கொண்டார்.

பார்க்க அருமையாக இருக்கும். நானும் கைதட்டினேன். ஆனால் எங்கள் மேல் நீதிமன்றத்தில் இதை வைத்துக்கொண்டு அரச சட்டவாதி என்ன செய்வார்? 27ஆம் பிரிவு உதவாது. கமரா ஏற்கெனவே பொலிஸ் தட்டில்தான் இருந்தது. புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. எதிரியின் நடத்தை என்ற வகையில் கொண்டுவரப் பார்க்கலாம். அப்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "எனது கட்சிக்காரர் தொழில்முறைப் புகைப்படக்காரர், ஒரு படத்தைப் பார்த்தால் எவ்வகைக் கமராவில் எடுத்தது என்று சொல்லக்கூடியவர், கடத்தல்காரன் அனுப்பிய படத்தை அவர் பார்த்திருக்கிறார்" என்பார். பிறகு கொலம்போவையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, "அசல் படம் அழிந்துவிட்டது என்று சொன்னீர்களே, அது பொய்தானே?" என்று தொடங்குவார். அந்தக் குறுக்கு விசாரணை மதிய இடைவேளையைத் தாண்டியும் போகும். சாட்சியத்தைத் தானே திரித்ததாக ஒப்புக்கொண்ட அதிகாரியை நம்பி மரண தண்டனை விதிக்க நீதிபதிகள் தயங்குவார்கள்.

சட்டத்தரணி ஒருவரைப் பற்றிய பெரி மேசன் தொடர் இதற்கு ஒரு படி மேல். 1957 முதல் 1966 வரை சிபிஎஸ்ஸில் ஓடியது. அங்கே பொலிஸார் பிடித்தவர் எப்போதும் நிரபராதி. உண்மைக் கொலையாளி சாட்சிக் கூண்டிலோ பார்வையாளர் வரிசையிலோ இருந்துகொண்டு, மேசனின் கேள்வி தாங்காமல் உடைந்துபோய் "நான்தான் செய்தேன்" என்பார். வழக்கு முடிந்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, சாட்சி தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் அப்படிக் கட்டாயத்தின் பேரில் சொன்ன பதிலை வைத்து, பொய்ச் சாட்சிக் குற்றத்துக்கல்லாமல், அவர்மீது வழக்கு நடத்த முடியாது. நான் பார்த்த சாட்சிகள் யாரும் கூண்டில் உடைந்து அழுது உண்மை பேசியதில்லை. "ஞாபகமில்லை" என்பார்கள். அடுத்த தவணை கேட்பார்கள்.

'மர்டர், ஷி ரோட்' தொடரில் கேபட் கோவ் என்ற சிற்றூரில் பன்னிரண்டு பருவங்கள் கொலை விழுந்துகொண்டே இருந்ததையும், துப்பறியும் எழுத்தாளரான அம்மா ஒவ்வொரு முறையும் கொலையாளியைத் தனியாகப் போய்ச் சந்தித்ததையும் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்த ஊரில் காணி வாங்குகிறவர்களின் துணிச்சல் மட்டும் எனக்கு வியப்பு.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று விட்டுவிடலாம்தான். விட முடியாத காரணம் வன்னியில் இருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலம் கதையின் இனிய முடிவாக இங்கே யாருக்கும் இருந்ததில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 16ஆம் பிரிவில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத தரத்திலுள்ள அதிகாரியிடம் செய்த ஒப்புதலைச் சான்றாக ஏற்க வழி செய்தது. நான் மேலே சொன்ன 25ஆம், 26ஆம் பிரிவுகளின் பாதுகாப்பு அங்கே இல்லை. அந்த ஒப்புதல் சுயவிருப்பத்தில் வந்ததல்ல என்று காட்டும் பாரமும் எதிரியின் தலையில். சிங்கராசா வழக்கில் எதிரிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. அவர் கைநாட்டு வைத்திருந்தார். தண்டனை முதலில் 50 ஆண்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டு. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, நிரூபிக்கும் பாரத்தை எதிரிமேல் போட்டது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று கண்டது. 2022இல் அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தபோதும் 16ஆம் பிரிவு அப்படியே இருந்தது. இப்படியான வரலாற்றின் நடுவே வாழ்ந்துகொண்டு, "பொலிஸார் விசாரிக்கிற விதத்தில் விசாரித்தால் உண்மை தானாக வரும்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அந்த விதத்தில் உண்மை மட்டும் வருவதில்லை.

சாதாரண வழக்குகளில் நிலைமை வேறு. வேலி எல்லைச் சண்டை, மாடு களவு, பன்றிக்குக் கட்டிய துவக்கு மனிதரைச் சுட்டது, மணல் ஏற்றியது, கள்ளச் சாராயத்தில் தொடங்கி வெட்டில் முடிந்தது: எங்கள் நீதிமன்றங்களின் அன்றாடம் இதுதான். இவற்றில் நீங்கள் முறைப்பாட்டாளராகவோ சாட்சியாகவோ போகத்தான் அதிகம் வாய்ப்பு. அங்கே உங்கள் வாயிலிருந்து வருவதைவிடப் புத்தகத்தில் எழுதப்படுவதுதான் முக்கியம்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவை வன்னியில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டிவைக்கலாம் என்பேன். விசாரணையில் நீங்கள் சொல்வதை முழுமையாக எழுத வேண்டும். எழுதியதை உங்களுக்குக் காட்டவோ வாசிக்கவோ வேண்டும். எழுதப்பட்ட மொழி உங்களுக்கு விளங்காவிட்டால், விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அதில் விளக்கம் சொல்லவும் மேலும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதன் பிறகுதான் கையொப்பம். தமிழ் அரச கரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும்கூட. "தமிழில் எழுதுங்கள், இல்லாவிட்டால் வாசித்து விளங்கப்படுத்துங்கள்" என்று கேட்பது எதிர்ப்பு அல்ல. கேட்கப் பயமாக இருந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் தோன்றுவதற்கு 2012ஆம் ஆண்டிலிருந்து விதிகளே இருக்கின்றன. காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதே 110ஆம் பிரிவின்படி, நீங்கள் பொலிஸில் சொன்னது நீதிமன்றத்தில் உங்கள் சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கப் பயன்படாது. அதை முறியடிக்கப் பயன்படும். அன்று "கறுப்புச் சட்டை" என்றும், சில ஆண்டு கழித்து மேல் நீதிமன்றத்தில் "நீலச் சட்டை" என்றும் சொன்னால், எதிர்த்தரப்பு அதை முரண்பாடாகக் குறித்துக்கொள்ளும். தொலைக்காட்சிச் சாட்சிகள் எதையும் ஐயமின்றிச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் எங்கள் ஆட்களும், இருட்டில் பார்த்ததற்கு நிறம் சொல்கிறார்கள், கேட்காத சொல்லுக்கு உச்சரிப்பும் சொல்கிறார்கள். "சட்டை நிறம் சரியாகத் தெரியவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். எனக்கு எதிராக வரும் சாட்சிகளில் நான் அஞ்சுவது அப்படிச் சொல்கிறவர்களைத்தான்.

குற்றம் நடந்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம். பழைய தொடர்களில் துப்பறிவாளர் துப்பாக்கியைக் கைக்குட்டையால் எடுப்பார், அல்லது குழலுக்குள் பேனையை விட்டுத் தூக்குவார். கைக்குட்டை ரேகையை அழிக்கும். பேனை குழலுக்குள் இருப்பதைக் கலைக்கும். நிலத்தில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடாதே, பார்த்த இடத்திலேயே நின்று பெரியவர்களுக்குச் சொல் என்று கண்ணிவெடிப் பயத்தில் வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். குற்ற இடத்துக்கும் அதே விதி போதும். இரத்தத்தைக் கழுவிவிட வேண்டாம். உடலை முற்றத்துக்குத் தூக்கிவர வேண்டாம். படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ வந்து பார்க்கும்வரை இடம் இருந்தபடி இருக்கட்டும்.

ஆய்வுகூட விஷயத்தில் பொறுமை வேண்டும். "இரவு பத்தேகாலுக்கும் பத்தரைக்கும் இடையில் இறந்திருக்கிறார்" என்று தொடரில் வைத்தியர் சொல்வதை எங்கள் சட்ட வைத்திய அதிகாரிகள் சொல்லமாட்டார்கள். உடல் குளிர்வதை வைத்துச் செய்யும் கணக்குக்கு நல்ல நிலைமைகளிலேயே பல மணி நேரத் தளர்வு உண்டு. சித்திரை வெயிலில் புதுக்குடியிருப்பில் கிடக்கும் உடல் குளிர்வதற்கே இடமில்லை. நச்சுப் பரிசோதனைக்கு மாதிரிகள் பத்தரமுல்லைப் பக்கமுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போக வேண்டும். அங்கே எங்கள் மாதிரி மட்டும் வரிசையில் நிற்பதில்லை. 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது வெளிப்பட்ட எலும்புகளின் காலத்தை அறிய மாதிரிகள் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டு, 2019 மார்ச்சில்தான் முடிவு வந்தது. பல நூற்றாண்டு பழையவை என்றது அறிக்கை. மக்கள் கேட்ட கேள்விகள் அதோடு அடங்கவில்லை. எலும்பைக் கையில் எடுத்ததும் வயது, பால், இறந்த ஆண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லும் தொடர் வைத்தியரை மன்னாரில் உறவுகளைத் தேடி நின்றவர்கள் முன்னால் ஒருநாள் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு கொலை வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, சட்டமா அதிபரின் குற்றப்பத்திரம் வந்து, மேல் நீதிமன்றத்தில் சாட்சியம் தொடங்குவதற்குள் ஆண்டுகள் போய்விடும். அதற்குள் நினைவு தேயும். சாட்சியாக நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. சம்பவம் நடந்த அன்றிரவே, கண்டதையும் கேட்டதையும் உங்கள் கையால் எழுதித் திகதியும் நேரமும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்பவ நேரத்தை ஒட்டி எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தத் தாளை எதிர்த்தரப்பும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அதனால் கொலையாளி யார் என்ற உங்கள் ஊகத்தை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்.