பெய்ஹாய் முத்து: விலை ஒளிந்திருக்கும் அரை மில்லிமீட்டர்

தெற்குச் சீனாவின் குவாங்சி மாநிலத்தில், டோங்கிங் வளைகுடாவின் கரையில் இருக்கிறது பெய்ஹாய். ஊரின் பழைய கடைவீதிக்கு ஜுஹாய் சாலை என்று பெயர்; சீனத்தில் ‘முத்துக்கடல் சாலை’ என்று பொருள். தூண் வைத்த முன்வாசல்களின் நிழலில் கடைகள் வரிசையாக இருக்கும். காய்ந்த இறால், காய்ந்த மணல்புழு, சின்ன நண்டுகளை இடித்து உப்பில் ஊறவைத்த சாறு என்று தெரு முழுக்கக் கருவாட்டு வாசம். அந்த வாசத்துக்கு நடுவே கண்ணாடிப் பெட்டிகளில் முத்துச்சரங்கள் தொங்குகின்றன. ஒரு சரம் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். பார்வைக்கு அதேபோல இருக்கும் இன்னொரு சரத்துக்குப் பல மடங்கு கேட்பார்கள். இரண்டு கடைக்காரர்களுமே நியாயமான விலை சொல்கிறவர்களாக இருக்கலாம். வித்தியாசம் முத்துக்குள்ளே, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு பூச்சில் இருக்கிறது.

இந்தக் கரையின் கடல்முத்துக்குச் சீனர்கள் வைத்த பெயர் ‘நான்ச்சு’, அதாவது தெற்கு முத்து. மேற்கு முத்து கிழக்கு முத்துக்கு ஈடாகாது, கிழக்கு முத்து தெற்கு முத்துக்கு ஈடாகாது என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. பெய்ஹாயை ஒட்டிய ஹெபுதான் இந்த முத்தின் பழைய தாய்வீடு. இன்னும் ஒரு செய்தி நம்மைத் தொடும். கி.பி. முதல் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘ஹான் ஷு’ என்ற சீன வரலாற்று நூல், ஹெபு முதலிய துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஹுவாங்ஜி என்ற நாடு வரை போனதைக் குறிக்கிறது. பொன்னும் பட்டும் கொடுத்து அவர்கள் வாங்கிவந்த பொருள்களில் முதலில் சொல்லப்படுவது ஒளிமுத்து. அந்த ஹுவாங்ஜி நம் காஞ்சிபுரம்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முத்து விளையும் ஊரிலிருந்து கடல் கடந்து முத்து வாங்க வந்திருக்கிறார்கள்! உயிரியல் கணக்கிலும் இது உறவுதான். ஹெபுவின் சிப்பியும் நம் மன்னார் வளைகுடாச் சிப்பியும் பிங்க்டாடா ஃபுகாட்டா என்ற ஒரே இனத்தில் அடங்குபவை.

முத்து எப்படி உருவாகிறது? சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளி முத்தாகும் என்று பாட்டி சொல்லியிருப்பார். மணல் துகள் உள்ளே போனால் முத்தாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் கடலடியில் வாழும் சிப்பிக்கு மணலைத் துப்பத் தெரியும். உண்மையான வேலையைச் செய்வது சிப்பியின் ஓட்டை உள்ளிருந்து போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற மெல்லிய தோல். ஓட்டின் உட்புறத்தில் மினுமினுக்கும் பூச்சைச் சுரப்பது இந்தத் தோலின் வெளிப்புறச் செல்கள். காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ அந்தச் செல்களில் சில பிய்ந்து உடலுக்குள் சிக்கிக்கொண்டால், அவை அங்கேயே பெருகி ஒரு சிறு பையாகின்றன. இடம் மாறினாலும் வேலை மாறுவதில்லை. ஓட்டுக்குப் பூசவேண்டியதைப் பைக்குள்ளேயே பூசிக்கொண்டிருக்கின்றன. அதுதான் முத்து.

வளர்ப்பு முத்தில் இதே விபத்தை மனிதன் திட்டமிட்டு நிகழ்த்துகிறான். ஒரு சிப்பியின் மேன்டிலிலிருந்து மிளகைவிடச் சிறிய துண்டு ஒன்றை வெட்டி, அதோடு ஒரு உருண்டை மணியையும் சேர்த்து இன்னொரு சிப்பியின் இனப்பெருக்க உறுப்புக்குள் வைக்கிறார்கள். சீனாவின் முதல் வளர்ப்புக் கடல்முத்து இதே கரையில் 1958இல் பிறந்தது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமியும் அவர் குழுவினரும் 1973இல் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள்.

உள்ளே வைக்கும் அந்த மணி நன்னீர் மட்டியின் தடித்த ஓட்டைக் கடைந்து செய்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மட்டி இதற்கு உலகம் முழுக்கப் பேர்போனது. 6 மில்லிமீட்டர் முத்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்பூச்சு 0.3 மில்லிமீட்டர் என்றால் உள்ளிருக்கும் மணி 5.4 மில்லிமீட்டர். கன அளவைக் கணக்குப் போட்டால் முத்தில் சுமார் 73 சதவீதம் அந்த மணிதான்! இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு முத்தின் மேல் மதிப்பு குறையவில்லை, கூடியது. மிச்சமிருக்கும் அந்த மெல்லிய தோல்தான் அத்தனை அழகையும் தாங்கி நிற்கிறது.

அது எப்படித் தாங்குகிறது? பூச்சில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலைச் சுட்டு வெற்றிலைச் சுண்ணாம்பு செய்கிறோமே, அந்தக் கிளிஞ்சலும் அதே பொருள். கரும்பலகையில் எழுதும் இயற்கைச் சாக்கும் அதே பொருள். சாக்கு ஏன் மின்னுவதில்லை? அதில் துகள்கள் தாறுமாறாகக் குவிந்திருக்கின்றன. சிப்பியோ கால்சியம் கார்பனேட்டை அரகோனைட் என்ற படிக வடிவில், சுமார் 0.3 முதல் 0.5 மைக்ரான் தடிமனுள்ள தகடுகளாக வார்க்கிறது (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய புரதப் பசை. செங்கல்லும் சாந்தும் போல வரிசை வரிசையாக எழும்புகிறது சுவர். ஒரு தகடு 0.4 மைக்ரான் என்று வைத்தால், 0.4 மில்லிமீட்டர் பூச்சில் ஆயிரம் வரிசை இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய இதே அளவுதான், 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. முத்தின் மேல் விழும் ஒளியில் கொஞ்சம் முதல் தகட்டிலேயே திரும்புகிறது. மிச்சம் உள்ளே இறங்கி அடுத்த தகட்டிலும் அதற்கடுத்த தகட்டிலும் திரும்புகிறது. திரும்பி வரும் அலைகள் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில தேய்கின்றன. மழை நாளில் ஈரத் தரையில் எண்ணெய் பரவினால் வானவில் தெரிவதும் இந்தக் குறுக்கீட்டால்தான். வெள்ளை முத்தின் மேல் இளஞ்சிவப்பும் பச்சையும் நழுவி ஓடுவது சாயத்தால் வந்த நிறமன்று. நம் நகை வணிகர்கள் கல்லின் ஒளியை ‘நீரோட்டம்’ என்பார்கள். முத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் ஒளி உண்மையிலேயே அடுக்கடுக்காக இறங்கி ஏறி வருகிறது. அடுக்குகள் போதாவிட்டால் பளபளப்பு மேலோடு நின்றுவிடும். அடுக்குகள் சீரற்றுப் போனால் முத்து சுண்ணாம்பு வெளுப்பாகிவிடும்.

ஆகவே காலமும் குளிரும் முக்கியம். வெதுவெதுப்பான நீரில் சிப்பி வேகமாகப் பூசும். குளிர்ந்த நீரில் மெதுவாக, மெல்லிய தகடுகளாக, ஒழுங்காகப் பூசும். முத்தைக் குளிர்காலத்தில் அறுவடை செய்வது இதற்காகத்தான். கடைசியாகப் பூசிய அடுக்குகளே நம் கண்ணில் முதலில் படுபவை. அவசரப்பட்டுச் சில மாதத்தில் எடுத்துவிட்டால் உருண்டையாக, வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் பூச்சு தாளைப்போல மெலிந்திருக்கும்.

இனிக் கடைக்குள் போகலாம். முதலில் ஒரு முத்தை விளக்கடியில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். பூச்சு மெலிந்த முத்தில், உள்ளிருக்கும் மணியின் வரிகள் ஒரு கோணத்தில் பளிச்சென்றும் அடுத்த கோணத்தில் மங்கியும் கண் சிமிட்டும். பிறகு இரண்டு முத்துகளை லேசாக உரசுங்கள். நெருநெருவென்றால் நல்ல அறிகுறி: தகடுகளின் ஓரங்கள் நிலப்படத்தின் உயரக்கோடுகளைப் போலப் படிப்படியாக நிற்பதால் வரும் சொரசொரப்பு அது. கண்ணாடி மணியும் பிளாஸ்டிக் மணியும் வழுவழுவென்று வழுக்கும்.

எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை துளைதான். பத்து மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ் ஒன்று பையில் இருந்தால் போதும். சரத்தின் நூலைக் கொஞ்சம் விலக்கி, முத்தின் துளை விளிம்பை வெளிச்சத்தில் பிடியுங்கள். வளர்ப்புக் கடல்முத்தில் ஒரு கோடு தெரியும்: வெளியே பூச்சு, உள்ளே மணி, நடுவே பழுப்பாக ஒரு எல்லை. அந்த எல்லைக்கும் வெளி விளிம்புக்கும் உள்ள தூரமே நீங்கள் கொடுக்கும் பணம். போலியில் துளை விளிம்பில் வண்ணப்பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். ‘சிப்பி முத்து’ என்ற பெயரில் 10 மில்லிமீட்டருக்கும் மேல் பெரிதாக, மாசில்லாமல், மலிவாக விற்கப்படும் மணிகளிலும் இதைப் பார்க்கலாம். சிப்பி ஓடுகளை அரைத்தோ கடைந்தோ செய்து மேலே பூச்சு ஏற்றியவை அவை. முத்து என்றே நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

நன்னீர் முத்து வேறு கதை. ஜெஜியாங் மாநிலத்தின் ஜுஜிதான் அதன் பெரிய சந்தை; அங்கிருந்து சீனக் கடலோர ஊர்களுக்கெல்லாம் வருகிறது. பெரிய ஏரி மட்டி ஒன்றிலேயே இரண்டு டஜனுக்கு மேல் முத்து வளரும். பெரும்பாலும் உள்ளே மணி வைப்பதில்லை, மேன்டில் துண்டு மட்டும். ஆகவே மையம் வரை முழுக்க முத்துப்பொருளே. கடல்சிப்பி ஒன்றோ இரண்டோதான் தரும், பல சிப்பிகள் பாதியிலேயே செத்தும் போகும். விலை வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான். கண்ணெதிரே உயிர் மட்டியைத் திறந்து முத்து எடுத்துத் தரும் கடைகளில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரே மட்டியிலிருந்து கைநிறைய முத்து கொட்டினால் அது கடலைப் பார்த்ததில்லை. நன்னீர் முத்தை நன்னீர் முத்தின் விலைக்கு வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. எளிய பரிசுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன்.

முத்துப்பொடியும் டப்பா டப்பாவாக விற்கும். அதில் மிகப்பெரும்பங்கு கால்சியம் கார்பனேட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கார்பனேட் என்றால் அமிலத்துக்கு ஆகாது. வியர்வை, எலுமிச்சை, வாசனைத் திரவியம் எல்லாமே அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். பித்தளைக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிட்டால், பல மாதம் சிப்பி பூசியது சில நிமிடத்தில் மங்கிவிடும். கழற்றியதும் மெல்லிய ஈரத்துணியால் துடைத்தால் போதும். சரம் வாங்கும்போது முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சு இருந்தால் முத்துகள் ஒன்றையொன்று தேய்க்காது, நூல் அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். சில வருடம் கழித்து நூல் தளர்ந்து சரத்தைப் புதிதாகக் கோக்கக் கொடுக்கும்போது, முத்துகள் தனித்தனியாகக் கிண்ணத்தில் கிடக்கும். அப்போது லென்ஸை எடுத்துத் துளைகளை இன்னொரு முறை பாருங்கள். பூச்சு கனமான முத்துகளில் விளிம்பு வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். மெலிந்தவற்றில் அங்கிருந்துதான் முதல் சில்லு பெயர்ந்திருக்கும்.